சன்னல் மேடையில் அமர்ந்த பள்ளிக்கூடம்

கிராமப் பள்ளிகளுக்குக் கட்டட வரைபடம் தீட்டும் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இளைஞர்களே,



பள்ளிக்கூடம் ஒன்றுக்கு வரைபடம் வேண்டும் என்று கேட்ட மாத்திரத்தில், நீண்டு கிடக்கும் ஒரு கட்டடம், அதன் ஒரு பக்கம் நெடுகத் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி ஒரே அளவான அறைகளின் வரிசை, அறைதோறும் ஒரு முனையில் மேடை, மேடைக்குப் பின்னால் கரும்பலகை என்று உங்கள் எழுதுகோல் உங்களைக் கேளாமலே ஓடத் தொடங்கிவிடும் என்பதை நான் அறிவேன். சர்க்காரின் சிக்கனத்துக்கும், மழைக்கு ஒதுங்குவதற்கும், பிள்ளைகளைத் தலை எண்ணிப் பார்ப்பதற்கும் அந்த அமைப்பு சௌகரியமானதே. அதை இகழும் நோக்கம் எனக்கு இல்லை. பள்ளிக்காக என்று ஒருநாளும் உத்தேசிக்கப்படாததும், ஒரு பிரபுவின் மாளிகைக்குப் பக்கத்துணையாக நிற்பதற்கென்றே எழுப்பப்பட்டதும், பிறகு சில ஆண்டுக் காலம் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் ஏறி இறங்கி, சண்டையிட்டு, கதை கேட்டு, எழுத்தும் கணக்கும் கற்றதுமான ஒரு ருஷ்யக் கிராமத்து வீட்டை உங்கள் மேசைமேல் வைத்து, அதன் சுவரையும் படியையும் சன்னலையும் சற்று நேரம் உங்களோடு சேர்ந்து பார்க்க வேண்டும் என்னும் ஆசையே இம்மடலை எழுதத் தூண்டிற்று.

அந்த வீடு இருப்பது லியோ டால்ஸ்டாய் பிறந்த ஊராகிய யாஸ்னயா பொல்யானாவில். மாஸ்கோவிலிருந்து தெற்கே சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில், துலா நகரத்துக்குச் சமீபமாக இருக்கும் அந்தப் பண்ணையை ஒரு முறையான மனையாக வகுத்தவர், டால்ஸ்டாயின் தாய்வழிப் பாட்டனாராகிய இளவரசர் நிக்கொலாய் வொல்கோன்ஸ்கி. இரண்டாம் காதரீன் அரசியின் சேனையில் தளபதியாக இருந்தவர்; அரசியின் மைந்தர் பட்டத்துக்கு வந்தபின் 1799-இல் உத்தியோகத்தைத் துறந்து கிராமத்துக்கு வந்தவர். அணிவகுப்பிலேயே வாழ்நாளைக் கழித்த மனிதர் தம் மனையையும் அணிவகுப்பாகவே வகுத்தார் என்று சொல்ல வேண்டும். வாயிலில் வெள்ளை பூசிய இரண்டு வட்டக் கோபுரங்கள், அவற்றிலிருந்து மேடேறிச் செல்லும் பாதையின் இரு மருங்கிலும் பூர்ச்ச மரங்கள், வழியில் குளங்கள், பாதை சென்று முடியும் உச்சியில் நடுநாயகமாக ஒரு பெருமாளிகை, மாளிகைக்கு இரு பக்கமும் ஒன்றைப்போல் மற்றொன்றாக இரண்டு மாடிகளோடு கூடிய துணை மனைகள் என்பது அவருடைய காலத்து உயர்குடியினர் பலரும் மேற்கொண்ட சம்பிரதாயம். இத்தனையையும் கட்டி முடித்தவை அவருக்கு அடிமைப்பட்டிருந்த குடியானவர்களின் கைகள் என்பதையும் நாம் நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னால் நடந்ததன் சுவை அதில்தான் இருக்கிறது.

நடுமாளிகையைப் பாட்டனார் தொடங்கினார்; டால்ஸ்டாயின் தந்தையார் முடித்தார். முப்பதுக்கு மேற்பட்ட அறைகள் கொண்ட அந்த மாளிகையில்தான் 1828-ஆம் ஆண்டு டால்ஸ்டாய் பிறந்தார். இன்று அதைத் தேடிக்கொண்டு போகிறவர்கள் காண்பது மரங்களை மட்டுமே. இளமையில் சீட்டாட்டத்தில் பொருளை வாரியிறைத்த டால்ஸ்டாய், சேனையில் இருந்த காலத்தில், 1854-இல், தாம் பிறந்த மாளிகையைப் பக்கத்து நிலக்கிழார் ஒருவருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் அதை அக்கக்காகப் பிரித்து வண்டிகளில் ஏற்றிச் சென்று, டோல்கோயே என்ற கிராமத்தில் மீண்டும் நிறுத்தினார். 1913-இல் அங்கும் அது இடிக்கப்பட்டது. எந்த இடத்தில் பிறந்தீர்கள் என்று விருந்தினர் கேட்டால், கிழவரான டால்ஸ்டாய், மாளிகை நின்ற இடத்தில் வளர்ந்திருந்த ஒரு லார்ச் மரத்தின் உச்சியைக் காட்டி, அந்த உயரத்தில்தான் என் தாயின் அறை இருந்தது என்பாராம்.

கட்டடக்கலை பயில்கிறவர்கள் இங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். சம அமைப்பையே உயிராகக் கொண்ட ஒரு திட்டத்தில், பக்கத்து மனைகளுக்கெனத் தனி அர்த்தம் எதுவும் இல்லை. அவற்றின் உயரமும், வாயில் நோக்கும் திசையும், சன்னல்களின் எண்ணிக்கையும் நடுவில் இருப்பதற்கு அடங்கி நடப்பதற்காகவே தீர்மானிக்கப்பட்டவை. நடுவில் இருந்தது போய்விட்டால் எஞ்சுவது என்ன? மணமக்கள் எழுந்து போனபின் மணவறையின் இரு புறமும் எரிந்துகொண்டிருக்கும் குத்துவிளக்குகளைப்போல், அந்த இரண்டு துணை மனைகளும் வெற்றிடத்துக்கு இருமருங்கிலும் நின்றன. நின்றவை மெல்லத் தத்தமக்கென ஒரு வாழ்வைத் தேடிக்கொண்டன. ஒன்று, உலகம் போற்றும் இரு பெரு நாவல்கள் எழுதப்பட்ட வீடாயிற்று. மற்றொன்று பள்ளிக்கூடமாயிற்று.

முதலாவதைப் பற்றிச் சொல்லிவிட்டு இரண்டாவதற்கு வருகிறேன். 1862-இல் திருமணம் செய்துகொண்டு மனைவி சோபியாவை அழைத்துவந்து டால்ஸ்டாய் குடிபுகுந்த வீடு, பதின்மூன்று மகவுகளைப் பெற்ற குடும்பத்துக்குப் போதாமற் போகவே, தேவை எழுந்தபோதெல்லாம் ஒரு பக்கம் கூடம், ஒரு பக்கம் அறை, ஒரு பக்கம் தாழ்வாரம் என்று நீட்டிக் கட்டப்பட்டது. அதன் பயனாகப் பாட்டனார் வகுத்த சம அமைப்பு முற்றும் கலைந்தது. வெளியே நின்று பார்த்தால் அதை அழகிய கட்டடம் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. எனினும் முகப்புத் தாழ்வாரத்தின் மரக்கைப்பிடியில் குதிரைகளும் சேவல்களும் மனிதப் பொம்மைகளுமாக வெட்டிச் செதுக்கியிருக்கும் பலகைகளைக் காணும்போது, இலக்கணம் பிசகிய அந்த வீட்டின்மேல் ஒரு பிரியம் உண்டாகத்தான் செய்கிறது. கீழ்த்தளத்தில், வளைந்த கல் விதானத்தோடு கூடிய ஓர் அறை இருக்கிறது. பாட்டனார் காலத்தில் அது பண்டகசாலை. பதனிட்ட இறைச்சி முதலியவற்றைக் கட்டித் தொங்கவிடுவதற்கான இரும்பு வளையங்கள் இன்னும் விதானத்தில் இருக்கின்றன. சுவர் தடித்தது, சன்னல் சிறியது, மாடியில் குழந்தைகள் எழுப்பும் கூச்சல் உள்ளே எட்டாது. அந்தக் காரணத்தால் டால்ஸ்டாய் அதைத் தமது எழுதும் அறையாகக் கொண்டார். 'போரும் வாழ்வும்' என்று நம்மவர் தமிழில் படித்த நாவலின் தொடக்கப் பகுதிகள் அங்கே உருவாயின. 1891-இல் ஓவியர் இலியா ரேப்பின் அந்த அறையில் அவர் எழுதிக்கொண்டிருக்கும் கோலத்தைத் தீட்டினார். சுவரில் புல்லரியும் அரிவாளும் ரம்பமும் தொங்க, வளைந்த விதானத்தின் கீழ்ச் சாதாரணமான ஒரு மேசையில் குனிந்திருக்கும் அந்த உருவத்தைப் படத்தில் பார்க்கிறவர்களுக்கு, உப்புக்கண்டம் வைப்பதற்கெனக் கட்டிய அறை என்னும் நினைப்பே தோன்றாது.

இரண்டாவது மனை, டால்ஸ்டாயின் மைத்துனி குடும்பத்தார் பிற்காலத்தில் கோடைதோறும் வந்து தங்கியதால், குஸ்மின்ஸ்கி மனை என்று பெயர் பெற்றது. அதைப் பெருக்கிக் கட்டும் அவசியம் யாருக்கும் நேராததால், தொடக்கத்தில் இருந்த உருவத்தோடேயே அது தங்கிவிட்டது. ஆகவே, டால்ஸ்டாய் வாழ்ந்த வீடு ஆதியில் எப்படி இருந்தது என்று அறிய விரும்புகிறவன், எதிரே இருக்கும் இந்த வீட்டைத்தான் பார்க்க வேண்டும். கச்சிதமான, அடக்கமான, வெண்ணிறச் சுவர்களும் மேலும் கீழும் ஒழுங்கான சன்னல் வரிசைகளும் கொண்ட வீடு. முகப்பில் ஒரு சிறு கூரை வாயில். உள்ளே போனால் கீழே ஒரு நடை, படிக்கட்டு, மேலே ஒரு நடை, இரு தளங்களிலும் அளவான அறைகள். இதற்குமேல் அதில் விசேஷம் எதுவும் இல்லை. விசேஷம் இல்லாத இந்த வீட்டைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்கிறேன்.

டால்ஸ்டாய் தம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியது 1859-இல். பண்ணையடிமைகளை விடுவிக்கும் ஜார் அரசரின் சாசனம் 1861-இல்தான் வந்தது. ஆகையால் முதலில் அந்தப் படிகளில் ஏறிய சிறுவர், சட்டப்படி, தங்களுக்குப் பாடம் சொல்லும் ஆசானுக்கே அடிமைகளாக இருந்தவர்களின் மக்கள். இடையில் 1860-இலும் 1861-இலும் அவர் ஜெர்மனி, பிரான்சு, இங்கிலாந்து முதலிய தேசங்களைச் சுற்றி அங்குள்ள பள்ளிகளைப் பார்த்துவந்தார். வரிசையாக உட்கார்ந்து, கட்டளைக்கு எழுந்து, புரியாததை ஒரே குரலில் ஒப்பிக்கும் பிள்ளைகளைக் கண்டு மனம் கசந்து திரும்பிய அவர், தம் பள்ளியில் பிள்ளைகளை அவர்கள் இஷ்டத்துக்கே விட்டார். 1862-இல் 'யாஸ்னயா பொல்யானா' என்ற பெயரிலேயே ஒரு மாதப் பத்திரிகை நடத்தி, அதில் நவம்பர், டிசம்பர் மாதங்களில் தம் பள்ளி நடந்த விதத்தை நீண்ட கட்டுரையாக எழுதினார். கல்வி நூல் என்று எல்லோரும் படிக்கும் அந்தக் கட்டுரையை நீங்கள் கட்டடக் குறிப்பாகவும் படிக்கலாம்; ஆசிரியர் அதில் கட்டடத்தைப் பற்றியும் பேசுகிறார்.

இரண்டு மாடிக் கல்வீடு. அதில் இரண்டு அறைகள் வகுப்புக்கு, ஓர் அறை பௌதிகக் கருவிகளுக்கு, இரண்டு அறைகள் உபாத்தியாயர்கள் தங்குவதற்கு. வாயிற்கூரையின் கீழே ஒரு மணி, அதன் நாவில் கட்டிய கயிறு. கீழ் நடையில் தேகப்பயிற்சிக்கான கம்பிகள். மேல் நடையில் தச்சு வேலைக்கான ஒரு பட்டறை. படிக்கட்டிலும் நடையிலும் பனியோ சேறோ மிதிபட்டுக் கிடக்கும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. பள்ளியிலேயே தங்கும் உபாத்தியாயர், அங்கே இரவு படுத்திருந்த பையன்களில் ஒருவனைக் காலை எட்டு மணி வாக்கில் அனுப்பி மணி அடிக்கச் சொல்வார். அரைமணி கழித்து, மூடுபனியிலோ மழையிலோ சாய்ந்த வெயிலிலோ, பள்ளத்துக்கு அப்பால் இருக்கும் கிராமத்திலிருந்து இரண்டிரண்டாகவும் மூன்று மூன்றாகவும் தனித்தும் சிறு கரிய உருவங்கள் மேடேறி வருவது பள்ளியிலிருந்து தெரியும். மேட்டின்மேல் மாளிகை கட்டிய சேனாதிபதி, தன் குடிகள் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று எண்ணியிருக்கலாம். அந்த மேடு இப்போது, எந்தப் பிள்ளை வருகிறது, எது வழியில் நின்று பனியை உதைக்கிறது என்று வாயிலில் இருந்தே காண்பதற்கு உதவிற்று.

பாடங்கள் 12; பிள்ளைகள் ஏறக்குறைய 40 பேர்; ஒரே சமயத்தில் முப்பது பேருக்குமேல் கூடுவது அபூர்வம். எவரும் கையில் புத்தகம் கொண்டு வருவதில்லை, வீட்டுப் பாடம் என்ற ஒன்றே இல்லை. உள்ளே வந்தவர்கள் தமக்கு விருப்பமான இடத்தில் உட்காருகிறார்கள்: விசிப்பலகையில், மேசைமேல், தரையில், சன்னல் மேடையில், எங்கிருந்தோ வந்து சேர்ந்திருந்த ஒரு சாய்வு நாற்காலியில். அந்த நாற்காலிக்குப் போட்டி பலம். பெண்பிள்ளைகள் ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு ஒன்றாக அமர்வார்கள். தொடக்கத்தில் கூச்சலும் தள்ளுமுள்ளுமாக இருக்கும். இரண்டு பையன்கள் கட்டிப் புரள்வார்கள். உபாத்தியாயர் குறுக்கிடாமல் பொறுத்திருந்தால் வாசிப்பில் ஈடுபட்ட பையன்களே மற்றவர்களை அடக்குவார்கள் என்பது டால்ஸ்டாயின் அனுபவம்.

இப்போது சன்னல் மேடைக்கு வருகிறேன். ருஷ்யாவின் குளிர் நம்மால் எண்ணிப் பார்க்கவும் அரிதானது. அதைத் தாங்குவதற்காக அங்கே கற்சுவரைத் தடிப்பாகக் கட்டுவார்கள்; மாரிக்காலத்தில் சன்னலுக்கு இரட்டைச் சட்டம் பூட்டுவார்கள். சுவர் தடித்தால் சன்னலின் உட்புறத்தில் ஆழமான ஒரு மேடை தானாக அமைகிறது; அந்த மேடையில் பூந்தொட்டி வைப்பது குடும்பத்தார் வழக்கம். பள்ளிப் பிள்ளை அதில் ஏறி உட்காருகிறது. உட்கார்ந்தால் முதுகுக்குச் சுவரின் பக்கம் கிடைக்கிறது, மடியில் விரித்த காகிதத்துக்கு மாரிக்காலத்தின் சொற்பமான வெளிச்சம் முழுவதும் கிடைக்கிறது, வெளியே பார்ப்பதற்குப் பனி மூடிய தோட்டமும் கிடைக்கிறது. கட்டியவன் குளிருக்காகச் செய்த காரியம், படிக்கிற பிள்ளைக்குத் தனி ஆசனமாகிவிட்டது. ஓர் அறையில் பல பேரின் நடுவில் இருந்துகொண்டே தனியாகவும் இருக்கலாம் என்னும் சௌக்கியத்தை, இன்று விலை கொடுத்து வாங்கும் மேசை நாற்காலி எதுவும் கொடுப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நடையையும் படிக்கட்டையும் பற்றிக்கூட இவ்வாறே சொல்லலாம். நீங்கள் வகுக்கும் பள்ளிகளில் நடை என்பது நடப்பதற்கு மட்டும். பாட நேரத்தில் அது காலியாகக் கிடக்கும். இந்த வீட்டிலோ கீழ் நடை உடலுக்கும் மேல் நடை கைக்குமாகி, அறைகளில் உள்ளவை புத்திக்காயின. இது எவரும் உட்கார்ந்து யோசித்துச் செய்த பங்கீடு என்று நான் நம்பவில்லை. வீட்டில் அறைகள் குறைவு, இருக்கும் கம்பிகளையும் பட்டறையையும் எங்காவது போட வேண்டும், நடையில் போட்டார்கள், அவ்வளவே. ஆனால் அதனால் வகுப்பறைக்கு வெளியே வந்த பையன் வெறும் வெளிக்கு வராமல் மற்றொரு வேலைக்கு வந்தான். உபாத்தியாயர் அதே வீட்டில் உறங்கி எழுந்ததும், சில பையன்கள் இராத்தங்கியதும், பள்ளி மூடும் நேரம், திறக்கும் நேரம் என்ற எல்லையை அழித்துவிட்டன. அந்தி இருட்டில் கதையில் ஆழ்ந்து வீட்டுக்குப் போக மறந்த பிள்ளைகளைப் பற்றியும், இரவில் காட்டோரம் நடந்துகொண்டே மனிதன் எதற்காகப் பாடுகிறான், எதற்காகச் சித்திரம் எழுதுகிறான் என்று தம்மோடு விவாதித்த சிறுவர்களைப் பற்றியும் டால்ஸ்டாய் எழுதியிருக்கும் பக்கங்கள் அந்தக் கட்டுரையின் சிகரம்.

இதையெல்லாம் சொல்லும்போது ஒரு குறையைச் சொல்லாமல் விடுவது தகாது. அங்கே நிலவிய சுதந்திரம் நிலக்கிழாரின் இசைவால் கிடைத்த சுதந்திரம். வீடும் அவருடையது, மணியும் அவருடையது. அவர் கவனம் வேறு பக்கம் திரும்பினால் எல்லாம் நின்றுவிடும். நின்றும் விட்டது. 1862 ஜூலையில், டால்ஸ்டாய் ஸமாரா புல்வெளியில் உடல் தேற்றிக்கொண்டிருந்த சமயம், இரகசிய அச்சுக்கூடம் நடப்பதாக யாரோ சொன்ன கோளை நம்பி ஜாரின் போலீசார் பண்ணைக்குள் நுழைந்தனர். குதிரை லாயத்தின் தரைப்பலகைகளைப் பெயர்த்தார்கள், குளத்தில் வலை வீசினார்கள், பெட்டிகளைத் திறந்து நாட்குறிப்பையும் கடிதங்களையும் படித்தார்கள். அச்சு யந்திரமோ சதியோ எதுவும் அகப்படவில்லை. திரும்பிவந்து கேள்விப்பட்ட டால்ஸ்டாய் கொதித்துப்போய் இரண்டாம் அலெக்சாண்டர் அரசருக்கே கடிதம் எழுதினார். அதே ஆண்டின் செப்டம்பரில் மணம் நடந்தது, நாவலும் குடும்பமும் நெஞ்சை நிறைத்தன, பள்ளி கலைந்தது. பத்து ஆண்டு கழித்து, 1872-இல், அரிச்சுவடி நூல் ஒன்றை எழுதி வெளியிட்ட அதே ஆண்டில், அவர் மறுபடியும் ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டினார். அந்த முறை தாம் வாழ்ந்த வீட்டின் அறைகளிலேயே, மனைவியும் மூத்த குழந்தைகளும் சேர்ந்து பாடம் சொன்னார்கள்.

அதற்குப் பிற்பட்ட சரித்திரம் பெரும்பாலும் காவலின் சரித்திரம். டால்ஸ்டாய் 1910-இல் மறைந்தார். அந்தப் பண்ணையிலேயே, சிலுவையும் கல்லும் இல்லாத ஒரு மண்மேட்டின் கீழ் அடக்கம் செய்யப்பட்டார். 1921-இல் மனை அரசாங்கத்தின் பாதுகாப்பில் காட்சிச்சாலையாயிற்று. 1941 அக்டோபர் இறுதியில் ஜெர்மானியச் சேனை வந்தபோது முக்கியமான பொருள்கள் முன்னதாகவே சைபீரியாவிலுள்ள டோம்ஸ்க் நகரத்துக்கு அனுப்பப்பட்டிருந்தன. டிசம்பர் நடுவில் பின்வாங்கிய சேனை டால்ஸ்டாய் வீட்டில் தீ வைத்துச் சென்றது, ஊழியர்களும் ஊராரும் அணைத்தார்கள், பிறகு செப்பனிடப்பட்டது.

நமக்கும் அந்த மனைக்கும் உள்ள உறவு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். 1908-இல் இந்தியர் ஒருவருக்கு டால்ஸ்டாய் எழுதிய புகழ்பெற்ற மடலில் நம் திருக்குறளின் கருத்துகளும் இடம்பெற்றிருக்கின்றன. அம்மடலைத் தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் வெளியிட்டார். 1910-இல் அங்கே ஜோகன்னஸ்பர்க் நகருக்கு வெளியே 1,100 ஏக்கர் நிலத்தில் அமைந்த அவருடைய சத்தியாக்கிரகிகளின் குடியிருப்புக்கு டால்ஸ்டாய் பண்ணை என்று பெயர் வந்தது. அங்கே வாழ்ந்த, சிறைசென்றவர்களின் குடும்பங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல. நிலத்தை அளித்த ஹெர்மன் காலன்பாக் உங்கள் தொழிலைச் சேர்ந்தவர், கட்டடக் கலைஞர். தகரமும் மரமும் கொண்டு தம் கையாலேயே மற்றவர்களோடு சேர்ந்து கட்டிய கொட்டகைகளில் அவர் வாழ்ந்தார். காலன்பாக் தங்கும் வீட்டை அடுத்தே பள்ளிக்கும், தச்சு வேலை, செருப்புத் தைத்தல் முதலியவற்றுக்கும் இடம் ஒதுக்கினார்கள். போப்பையர் எழுதிய இலக்கணப் புத்தகத்துக்கு அப்பால் போகாத தமிழ் அறிவை வைத்துக்கொண்டு காந்தியடிகள் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்ததை அவரே தம் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். யாஸ்னயா பொல்யானாவின் வரைபடத்தை எவரும் அங்கே கொண்டுபோகவில்லை. ஆயினும் உபாத்தியாயரின் வீட்டோடு ஒட்டிய வகுப்பு, வகுப்போடு ஒட்டிய பட்டறை என்னும் முறை இரண்டு இடத்திலும் ஒன்றாகவே அமைந்தது. வீட்டிலே பள்ளி நடத்துகிறவர்களுக்கு அது இயல்பாகவே வந்து கைகூடுகிறது போலும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் அன்று. ருஷ்ய வீட்டை நம் ஊரில் கட்டச் சொல்லவில்லை; நம் வெயிலுக்கு அது ஒவ்வாது. உங்கள் கையில் இருக்கும் வரைபடத்தை எடுத்து மூன்று இடங்களைப் பாருங்கள். சன்னலின் அடிமேடை ஏழு வயதுப் பிள்ளை ஏறி உட்காரும் உயரத்தில் இருக்கிறதா, உட்கார்ந்தால் விழாதபடி அதற்கு அகலமும் வெளிப்பக்கத்தில் கம்பியும் உண்டா? வகுப்பிலிருந்து எழுந்துவந்த பிள்ளை தாழ்வாரத்தில் செய்வதற்கு ஏதேனும் ஒரு வேலை வைத்திருக்கிறீர்களா? ஆசிரியர் ஓர் இரவு தங்க வேண்டுமானால் அவர் படுப்பதற்கு ஓர் அறை எங்கே? இவற்றுக்கு மதிப்பீட்டில் எத்தனை ரூபாய் கூடுகிறது என்று கணக்கிட்டு, அந்தக் கணக்கையும் வரைபடத்தையும், இம்மடலை வெளியிடும் பத்திரிகை ஆசிரியர் மூலமாக எனக்கு அனுப்புங்கள். தொகை மிகுதி என்று மேலதிகாரிகள் மறுத்தால், அவர்கள் எழுதிய குறிப்பின் நகலையும் உடன் அனுப்புங்கள். அடுத்த மடலை நான் அவர்களுக்கு எழுதுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நலம் நாடும் ஒரு பழைய வாசகன்